முஸ்தபா பெட்டி

சென்ற பதிவில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை விஷயம் கொஞ்சம் விளையாட்டானது. எழுபதைத் தாண்டியவன் வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். இதிலும் சரித்திரம் இருக்கிறது. நம் ஊர்ச் சரித்திரமும் கொஞ்சம் இருக்கிறது.

கீழவாஞ்சூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது எல்லையோரத்துச் சாராயக் கடைகளும் சோதனைச் சாவடியும்தான். இப்போது துறைமுகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்களுக்கோ இது நாகூருக்குப் பக்கத்து ஊர். தர்காவின் மனோராக்கள் தெரியும் தூரம். தமிழ்நாடு, புதுச்சேரி என்று காகிதத்தில்தான் கோடு. கடைத்தெருவுக்கு நாங்கள் போவது நாகூருக்குத்தான்.

அந்த நாகூர்க் கடைத்தெருவின் ஒரு சந்தில் 1990களில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. ஆள் உயர மரப்பெட்டிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு திரை, இரண்டு குச்சிகள், வரிசையாகப் பொத்தான்கள். கடைக்காரரிடம் டோக்கன் வாங்கிப் போட்டால் ஆட்டம் தொடங்கும். அதில் ஒரு பெட்டிதான் இப்போது என் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் நிற்கிறது. மற்ற மூன்றும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

முதலில் இந்தப் பெட்டிகளின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். 1972இல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'பாங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. திரையில் இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி, அவ்வளவுதான். காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் பரவ அதுவே வழி திறந்தது. 1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பேக்மேன்'. 1983இல் நின்டெண்டோ 'ஃபேமிகாம்' என்ற சிறு பெட்டியை ஜப்பானில் விற்கத் தொடங்கியது. அதை வீட்டு டிவியோடு இணைத்து, கேசட் சொருகி விளையாடலாம். நம் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த மாரியோ 1985இல் அதில்தான் ஓடினார்.

இதெல்லாம் நம் கடற்கரைக்கு எப்படி வந்தது? வழி புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரஜூலா கப்பலுக்குப் பிறகு வந்தது சிதம்பரம் கப்பல். அந்தச் சிதம்பரம் முதலில் 'பாஸ்தேர்' என்ற பிரெஞ்சுப் பயணிக் கப்பல். 1966இல் கட்டப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் நின்றது. ஆனால் சாமான் வரத்து நிற்கவில்லை. கப்பலில் வந்த டேப்ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் பிறகு விமானத்தில் 'குருவி'களின் பெட்டிகளில் வந்தன. அவற்றோடு வந்தவைதான் டிவி கேம்கள். பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். ஒரே கேசட்டில் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுதான் திரும்பத் திரும்ப வரும். இந்தியாவிலேயே 'சாமுராய்', 'மீடியா' என்ற பெயர்களில் இதே வகைப் பெட்டிகள் விற்றன. 1990களின் நடுவில் சேகாவின் மெகா டிரைவை ஷா வாலஸ் நிறுவனம் இங்கே விற்க முனைந்தது. ஆயிரக்கணக்கில் விலை. ஒரு குமாஸ்தா வாங்குகிற பொருளா அது? அதனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடைப் பெட்டிக்குப் போனார்கள்.

அந்தப் பெட்டிகளில் ராஜா 'முஸ்தபா'. அதன் உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993இல் வெளியிட்டது. மூலக் கதை ஓர் அமெரிக்கப் படக்கதைத் தொடர். அந்தப் பெயரை வாயில் நுழைக்க நம் பையன்கள் மெனக்கெடவில்லை. தேர்ந்தெடுக்கும் நான்கு வீரர்களில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் பெயர் முஸ்தபா கெய்ரோ. அதுவே விளையாட்டின் பெயராகிவிட்டது. நாகூரில் மட்டுமல்ல, இந்தியா முழுவதும் அதற்கு அந்தப் பெயர்தான். 'காதல் தேசம்' படம் வந்த 1996இல் ரேடியோவிலும் முஸ்தபா, சந்திலும் முஸ்தபா. நாகூரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் நிஜமாகவே திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே ஆண்டில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. நோட்டுப் புத்தகம் வாங்க இருபது ரூபாய் கொடுத்து அனுப்பினேன். இருட்டியும் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். சந்துக்குள் நுழைந்தால், பெட்டி முன்னால் நிற்கிறான். பின்னால் ஏழெட்டுப் பையன்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். காதைப் பிடித்து இழுத்து வந்தேன். திரும்பி வரும் வழியில் அவன் அழவில்லை. பெட்டியின் இசை மட்டும் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

என் கோபத்துக்கு அன்றைய காற்றும் ஒரு காரணம். வீடியோ கேம் கடைகளைப் பற்றிச் சூதாட்டம் என்றும் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்றும் பேச்சு. கர்நாடகத்தில் இந்தக் கடைகளுக்கு உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995இல் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பானது. பணம் வைத்து ஆடும் எந்திரங்களும் வெறும் பொழுதுபோக்கு எந்திரங்களும் ஒரே பெயரில் இருந்ததால் வந்த குழப்பம். அரசாங்கக் குமாஸ்தாவான நான் காகிதத்தில் படித்ததைக் கொண்டே பிள்ளையை எடை போட்டேன்.

2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பெட்டிகளுக்குக் கூட்டம் குறைந்தது. கடையை மூடிய பாய், பெட்டிகளைக் கடலோரக் கிடங்கில் போட்டுவைத்திருந்தார். 2004 டிசம்பர் 26. அன்று நடந்ததை இங்கே நான் விவரிக்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள். கிடங்கில் முழங்கால் உயரத்துக்கு உப்புத் தண்ணீர் நின்று வடிந்தது. மனிதர்கள் போனபோது பெட்டியைப் பற்றி யார் நினைப்பார்கள்? அப்படியே கிடந்தன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தற்செயலாக பாயைச் சந்தித்தேன். கிடங்கைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உங்க பையன் எப்படி இருக்கான் சார்?" என்றார். சென்னையில் வேலையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு டோக்கன் வாங்கினா முக்கா மணி நேரம் நிப்பான் சார் அவன். எனக்குத்தான் நஷ்டம். அவன் ஆடுறதப் பாக்கவே கூட்டம் கூடும், அதனால வெரட்டவும் மனசு வரல."

நான் பதில் சொல்லவில்லை. முஸ்தபா பெட்டி எது என்று கேட்டேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை எழுதுவதற்கில்லை.

திறந்து பார்த்தால் அடிப்பலகை உப்பி, பிஸ்கட் போல உதிர்கிறது. விளையாட்டின் மின்பலகையில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. திரை மட்டும் தப்பியிருந்தது, உயரத்தில் இருந்ததால். ஆசாரி அடியில் நான்கு விரற்கடை அறுத்து எடுத்துவிட்டு வேப்பம்பலகை வைத்துக் கொடுத்தார். மின்சார வேலைக்குத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு டிவி மெக்கானிக் தம்பியை அழைத்தேன். நான் ஈரத்துணியோடு திரையின் பின்பக்கம் கையை விடப் போனபோது அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "சார், கைய எடுங்க!" பழைய படக்குழாய் அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்குமாம். இவ்வகைத் திரைகளில் பலவற்றை வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கவும் கூடாது. நடுவில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது பழைய பெட்டியைத் திறப்பதாக இருந்தால், தெரிந்தவரை வைத்துக்கொண்டு திறக்கவும்.

மின்பலகையைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். அது கேப்காமின் அசல் பலகை அல்ல, யாரோ செய்த நகல். உப்பு தின்ற இடங்களை ஒவ்வொன்றாகச் சரி செய்ய வேண்டும், மாதக் கணக்கில் ஆகலாம், உயிர் வரும் என்று உத்தரவாதமும் இல்லை என்றார். வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கேதான் பிரான்சு உள்ளே வருகிறது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அப்போது இங்கே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பெரியப்பா சொல்தாவாக வெளிநாட்டில் இருந்தார், பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். ஒரே வீடு இப்படி இரண்டு நாடானது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்திலும் தமிழிலும் கோப்பு எழுதினேன். அவர் பேரன் அங்கே வளர்ந்தான். எனக்கு மகன் முறை, ஐம்பது வயதாகிறது, இன்னும் 'சித்தப்பா' என்றுதான் கூப்பிடுவான். விடுமுறைக்கு வந்தவன் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் துள்ளினான். பிரான்சில் காபிக் கடைகளில் இவற்றை 'போர்ன் தார்க்காட்' என்பார்களாம். அடுத்த முறை வரும்போது தன் சிறுவயது மெகா டிரைவையும் சூப்பர் நின்டெண்டோவையும் பழைய துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். அட்டைப் பெட்டியோடு, பிரெஞ்சு விளக்கக் கையேட்டோடு.

கையேட்டை வாசித்தது நான்தான். ஓய்வு பெற்றபின் என் பிரெஞ்சுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று என் மேத்ர் நினைத்திருக்க மாட்டார். அதில் திரும்பத் திரும்ப வந்த சொல் 'பெரிதெல்'. அகலமான, 21 ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு. பிரெஞ்சு டிவி உற்பத்தியாளர்கள் சேர்ந்து வகுத்தது. 1980 முதல் அங்கே புதிய கலர் டிவிகளில் கட்டாயம். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது.

1983இல் எங்கள் தெருவில் ஒரு சொல்தா, பிரான்சிலிருந்து கலர் டிவி கொண்டுவந்தார். அப்போது நம் கடற்கரையில் உயரக் கம்பம் நட்டு இலங்கை ரூபவாகினி பார்க்கும் காலம். ஊரே கூடி நின்றது. படமும் ஒழுங்காக வரவில்லை, குரலும் வரவில்லை. பிரான்சின் ஒளிபரப்பு 'செக்காம்' முறை. இந்தியாவும் இலங்கையும் 'பால்' முறை. வண்ணம் மட்டுமல்ல, அலையில் படத்தையும் ஒலியையும் ஏற்றும் விதமே வேறு. அந்த டிவி லேஸ் துணி போர்த்திக்கொண்டு பல வருஷம் அலங்காரமாக இருந்து, கடைசியில் எடைக்குப் போனது. அதன் முதுகில் அகலமான ஓர் ஓட்டை இருந்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அதுதான் பெரிதெல்!

இதன் முக்கியத்துவத்தை மெக்கானிக் தம்பி சட்டென்று பிடித்துக்கொண்டார். சாதாரண டிவி கேமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே கம்பியில் கலந்து வரும். டிவி அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாய்க்கால் தண்ணீரை ஒன்றாக விட்டு மறுபடி பிரிப்பது போல. கடைப் பெட்டியின் திரை அப்படியல்ல. அது டிவி போலத் தெரிந்தாலும் டிவி இல்லை. மூன்று வண்ணமும் தனித்தனிக் கம்பியில் வந்தால்தான் வாங்கும். பிரான்சுக்கென்று செய்த கேம் பெட்டிகளில், செக்காமுக்கு மாற்றும் செலவை மிச்சப்படுத்த, பெரிதெல் வழியாக மூன்று வண்ணத்தையும் தனித்தனியாகவே அனுப்பிவிட்டார்கள். அங்கே விற்றதும் இங்கே நின்றதும் பொருந்திவிட்டன. வேகமும் பொருந்தியது: இரண்டுமே நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடுகள் வரைபவை.

இருந்தாலும் நேராகச் சொருகினால் போதாது. பெரிதெல்லில் வரும் வண்ணச் சமிக்ஞை ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. கடைத் திரைக்கு அதைவிடப் பலமாக வேண்டும். அதற்கு ஒரு சிறு பெருக்கி. படம் நிற்க வேண்டிய ஒத்திசைவுச் சமிக்ஞையைப் பிரித்தெடுக்க எல்.எம். 1881 என்ற சில்லு. ஒலிக்குத் தனிப் பெருக்கி. குச்சிக்கும் பொத்தான்களுக்கும், உடைந்த கைப்பிடி ஒன்றைப் பிரித்து, அதன் ஒவ்வொரு பொத்தான் அடியிலும் கம்பி பற்றவைத்து இழுத்தோம். மின்சாரம்தான் ஏமாற்றும்: மெகா டிரைவுக்கு டிசி, அந்தச் சூப்பர் நின்டெண்டோவுக்கு ஏசி. அடாப்டர்களை மாற்றிச் சொருகாமலிருக்க இரண்டிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினேன். ஐரோப்பியப் பெட்டிகள் நொடிக்கு 50 படம் காட்டுபவை, ஜப்பானியக் கடைப் பலகைகள் ஏறக்குறைய 60. அதனால் முதலில் படம் மேலும் கீழும் உருண்டது. பின்பக்கத் திருகைக் கொஞ்சம் திருப்பியதும் நின்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். பழைய கம்பிகளை வெட்டக் கூடாது. கடைப் பெட்டிகளுக்கு 1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது இணைப்பை வகுத்தது. 'ஜாமா' என்று பெயர், 56 முனைகள். மின்சாரம், வண்ணம், ஒலி, குச்சி, டோக்கன் எல்லாம் அந்த ஒரே இணைப்பில். எந்தக் கம்பெனி விளையாட்டையும் கழற்றி மாட்டலாம். அந்த இணைப்பில் சொருகும்படி தனியாக ஒரு பலகை செய்து, புதுக் கம்பிகளை அதில் மட்டும் சேர்க்கச் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் நான். பழைய தாளைக் கிழித்துப் புதுக் குறிப்பு எழுதுகிற வழக்கம் நமக்கு இல்லை. மேலே ஒரு தாளைச் சேர்ப்போம். நாளைக்கு யாராவது கேட்டால் முதல் தாள் இருக்க வேண்டும்.

இதைவிடச் சுலப வழி உண்டு. ஆயிரம் விளையாட்டு அடங்கிய சீனப் பலகை கடையில் கிடைக்கிறது. முஸ்தபாவும் அதில் இருக்கும். தட்டைத் திரை வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம். வேண்டாம் என்றேன். நகல் என்பதால் அல்ல. எங்கள் நாகூர்ப் பலகையே நகல், நான் யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. அன்று அவன் நின்றது இந்தப் பலகையின் முன்னால். அவ்வளவுதான் காரணம்.

இந்தப் பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரப்பிள்ளைகள் பெட்டியை விட்டு நகரவில்லை. சூப்பர் நின்டெண்டோவில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். அவன் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கவாட்டுப் பலகையைத் தடவினான். யாரோ ஆணியால் கீறிய பெயர்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பெயிண்ட் அடித்து மறைக்க நான் விடவில்லை.

"முஸ்தபா இல்லையாப்பா?" என்றான்.

அந்த விளையாட்டு இந்த வீட்டுப் பெட்டிகள் எதற்கும் கேசட்டாக வரவே இல்லை என்று சொன்னேன். பலகை மெக்கானிக்கிடம் இருக்கிறது, பார்க்கிறார் என்றேன். தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அன்னிக்கு நான் கடைசி ஸ்டேஜ்ல இருந்தேன்ப்பா."

"பாய் சொன்னார்" என்றேன். ஒரு டோக்கனில் முக்கால் மணி நேரம் என்பதைத்தான் பாய் சொன்னார். ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இருபது ரூபாய் எங்கே போயிற்று என்று நான் இதுவரை கேட்டதில்லை. இனியும் கேட்கப் போவதில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரைக்கால், நாகூர், நாகை பக்கம் அந்தக் காலத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம். பரணிலோ கிடங்கிலோ முஸ்தபா பலகை கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நியாயமான விலை கொடுத்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். மெக்கானிக் தம்பிக்கு உதிரிச் சில்லுகள் தேவைப்படுகின்றன. இணைப்புத் தயாராக இருக்கிறது. சொருக வேண்டியதுதான் பாக்கி. மகன் அடுத்து வருவது கந்தூரி சமயத்தில்.